நாய்ப் பாடம்: பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு

நாய் கடித்த குழந்தை வீட்டுக்கு வந்ததும் "அம்மா, நாய் கடிச்சிருச்சு" என்று சொல்ல வேண்டும். இந்த வகுப்பே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். நாயின் வாலைப் பார்த்து அதன் மனதைப் புரிந்துகொள்வது, ஓடாமல் நிற்பது, வளர்க்கிற நாய்க்கு ஊசி போடுவது எல்லாம் அதற்கு அடுத்த வரிசையில்தான் வரும். ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. கடித்தவுடன் கழுவி, தாமதிக்காமல் ஊசியைத் தொடங்கிவிட்டால் அந்த நோயை வராமலே தடுத்துவிடலாம். அடி விழுமோ, ஊசி குத்துவார்களோ, நாயைத் துரத்திவிடுவார்களோ என்று பயந்து குழந்தை வாயைத் திறக்காமல் இருந்தால் எந்த மருந்தும் அதனிடம் போய்ச் சேராது. வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே, நாம் பேச வேண்டிய இடம் பள்ளிக்கூடம்தான்.

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் சில ஆண்டுகளாக இந்த வகுப்பை எடுத்து வருகிறேன். புதிதாகத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள், தன்னார்வலர்கள், கல்லூரி மாணவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

போவதற்கு முன்

தலைமை ஆசிரியரைப் பார்த்து இரண்டு பீரியட் கேளுங்கள். ஒன்று வகுப்பறையில், இன்னொன்று மைதானத்தில். பள்ளி முழுவதையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து மைக்கில் பேசச் சொல்வார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள். முந்நூறு பிள்ளைகளுக்கு மைக்கில் சொன்னது ஒருவர் மனதிலும் நிற்காது. ஒரு நேரத்தில் முப்பது, நாற்பது பேர் போதும். ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை ஒரு குழு, நான்கும் ஐந்தும் ஒரு குழு, ஆறிலிருந்து எட்டு வரை இன்னொரு குழு என்று பிரித்துக்கொண்டால் பேச்சு தானாக வயதுக்கேற்ப அமையும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம் என்பதால் பலரும் அந்த நாளைக் கேட்பார்கள். பல ஆண்டுகளில் அது காலாண்டுத் தேர்வுக்கும் விடுமுறைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். பள்ளி திறந்து ஒரு மாதத்துக்குள், அதாவது ஜூலை வாக்கில் போவதே நல்லது. புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் தனியாக நடந்து வரப் பழகும் காலம் அது.

வகுப்புக்கு முந்தைய வாரம் அந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய்விட்டு வாருங்கள். நாய்க்கடி ஊசி எந்த நேரத்தில் போடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள், ஆழமான காயத்துக்குப் போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து அங்கேயே இருக்கிறதா, இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பும் துண்டுத்தாளில் இதுதான் மேலே இருக்க வேண்டும். "உடனே மருத்துவரை அணுகவும்" என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் பயன்படாது. எந்தக் கட்டடம், எந்த வாசல், எத்தனை மணி என்று எழுதுங்கள்.

அப்புறம், ஒரு நாள் மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பள்ளிக்குப் போய்ச் சும்மா நின்று பாருங்கள். சத்துணவுத் தட்டு கழுவும் இடத்தில் மீந்த சோற்றை எங்கே கொட்டுகிறார்கள்? எத்தனை நாய்கள் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கின்றன? பிள்ளைகள் தட்டோடு அந்த வழியாகத்தான் நடக்கிறார்களா? பல பள்ளிகளில் பாதிப் பிரச்சினை இந்தப் பத்து அடிக்குள்ளேயே இருக்கும். மீந்த சோற்றுக்கு மூடி போட்ட வாளி ஒன்று வைத்து, பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய பிறகு வெளியேற்ற ஏற்பாடு செய்தாலே நாய்கள் அங்கே நெருக்குவது குறையும். இதைச் சத்துணவு அம்மாவிடம் மரியாதையாகப் பேசி முடிக்க வேண்டும், புகாராகக் கொண்டுபோகக் கூடாது. குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்களே இரண்டு கட்டி வாங்கி வையுங்கள். நாம் சொல்லப்போகும் முதலுதவிக்குத் தேவையானவை அந்தச் சோப்பும் தண்ணீரும்தான்.

வகுப்பாசிரியரிடம் ஒன்று மட்டும் தனியாகக் கேளுங்கள்: ஏற்கெனவே கடிபட்ட பிள்ளை யாராவது இருக்கிறார்களா? இருந்தால், அவர்களை முன்னால் கூப்பிட்டு "நீ சொல்லு, எப்படிக் கடிச்சது?" என்று கேட்க வேண்டாம். தானாகச் சொன்னால் கேளுங்கள், போதும்.

எடுத்துப் போக வேண்டியவை: நாய் பொம்மை ஒன்று, சோப்பு, கழுத்துப்பட்டையும் கயிறும், தண்ணீர்க் கிண்ணம், சிவப்பு ஸ்கெட்ச் பேனா. நிஜ நாயை எடுத்துப் போகாதீர்கள். முதல் வருடம் நான் அந்தத் தவறைச் செய்தேன். தோழி வளர்த்த, ரொம்பச் சாதுவான நாய் அது. முப்பத்தைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் "ஹேய்" என்று கத்தினார்கள். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. உதட்டை இரண்டு மூன்று முறை நக்கிக்கொண்டது. பசியே இல்லாதபோது நாய் உதட்டை நக்கினால் அது தவிக்கிறது என்று பொருள். அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. மேசைக்கு அடியில் போய்ப் படுத்தது. ஒரு பையன் ஆசையாகக் குனிந்து தலையில் தட்டினான். அடித்தொண்டையில் ஓர் உறுமல். அப்போதே கயிற்றைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டேன், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நாய் மீதும் பையன் மீதும் தவறே இல்லை. அந்த நாயை அந்த அறைக்குள் கொண்டுபோனது என் தவறு. அதிலிருந்து பொம்மைதான்.

அதே போல, நோய் முற்றியவர்கள் துடிக்கிற வீடியோக்களை எந்த வயதுப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டாதீர்கள். பயந்துபோன பிள்ளை கடிபட்டால் மறைக்கத்தான் பார்க்கும்.

முதல் பத்து நிமிடம்

நோயில் தொடங்க வேண்டாம். "உங்க தெரு நாய்க்கு என்ன பேரு?" என்று கேளுங்கள். மணி, கருப்பன், டைகர், ஜிம்மி, பப்பி என்று நாலா பக்கமும் சத்தம் கிளம்பும். எல்லாப் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள். அதற்குள் அந்த ஊர் நாய்களைப் பற்றி உங்களுக்கே நிறையத் தெரிந்துவிடும். கருப்பன் சைக்கிளைத் துரத்தும், பப்பி குட்டி போட்டிருக்கிறது, ரேஷன் கடை நாய்க்கு ஒரு கால் இல்லை. பிறகு, யாருக்கு நாய் என்றால் பயம் என்று கேளுங்கள். முதலில் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். பயப்படுவது தப்பே இல்லை, பயப்படுகிறவர்கள் சில விஷயங்களில் கவனமாகவே இருப்பார்கள் என்று சொன்னால் மெல்ல ஐந்தாறு கைகள் எழும்பும். அந்த முகங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு பழமொழி. "குரைக்கிற நாய்..." என்று நிறுத்தினால் வகுப்பே சேர்ந்து "கடிக்காது!" என்று முடிக்கும். இதைப் பலகையில் எழுதி, குறுக்கே ஒரு கோடு போடுங்கள். மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பழமொழி நன்றாகவே பொருந்தும். நாயைப் பொறுத்தவரை பொய். குரைக்கிற நாயும் கடிக்கும், குரைக்காமல் வந்தும் கடிக்கும். குரைப்பது என்றால் "இதுக்கு மேல வராதே" என்று நாய் சொல்கிறது. சொன்னதைக் கேட்டு நின்றுவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

நாய் உடம்பால் பேசும்

இந்தப் பகுதியை நிதானமாக எடுங்கள். பிள்ளைகள் மிகவும் ரசிப்பது இதைத்தான்.

பலகையில் மூன்று நாய் வரையுங்கள். ஓவியம் சுமாராக இருந்தால் போதும். முதல் நாய்: உடம்பு தளர்வாக, வாய் லேசாகத் திறந்து, வால் இடுப்போடு சேர்ந்து ஆடுகிறது. இரண்டாவது: வால் கால்களுக்கு இடையில், காது பின்னால், முகம் வேறு பக்கம், கண்ணின் வெள்ளை தெரிகிறது. மூன்றாவது: உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, முதுகு மயிர் சிலிர்த்து, பார்வை நம் மேலேயே குத்தி நிற்கிறது. "எது கடிக்கும்?" என்று கேட்டால் எல்லோரும் மூன்றாவதைக் காட்டுவார்கள். இரண்டாவதும் கடிக்கும் என்று சொல்லுங்கள். பயந்த நாய்க்கு ஓட வழி இல்லாதபோது அதற்கு மிச்சம் இருப்பது பல் மட்டும்தான். சுவர் ஓரத்தில் ஒடுங்கிய நாயைச் சுற்றி நின்று குச்சியால் குத்துவது எல்லா ஊரிலும் நடக்கிறது, கடி வாங்குவதும் பல நேரம் அப்போதுதான்.

வால் ஆட்டினாலே நட்பு என்று நம்புகிற பிள்ளைகள் அதிகம். மேலே தூக்கிய விறைப்பான வால் வேகமாகச் சின்னச் சின்னதாக ஆடினால் அது சந்தோஷம் அல்ல. உங்கள் கையையே வாலாக வைத்து இரண்டு விதமாகவும் ஆட்டிக் காட்டுங்கள். பிறகு ஒரு பிள்ளையை நாயாக நடிக்க வையுங்கள், மற்றவர்கள் "பக்கத்துல போகலாமா, வேண்டாமா?" என்று முடிவு சொல்லட்டும். ஐந்து நிமிடத்தில் வகுப்பு முழுவதும் நாயாகிவிடும், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் கிட்டப் போகக் கூடாத நேரங்களைச் சொல்லிவிட வேண்டும்: சாப்பிடும்போது, தூங்கும்போது, குட்டியோடு இருக்கும்போது, கட்டிப் போட்டிருக்கும்போது, கேட்டுக்கு உள்ளே அல்லது வண்டிக்கு அடியில் இருக்கும்போது, உடம்புக்கு முடியாமல் கிடக்கும்போது. இதில் குட்டி விஷயத்துக்கு மட்டும் அதிக நேரம் கொடுங்கள். மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் தெருவுக்குத் தெரு குட்டிகள் இருக்கும். குட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளாத பிள்ளை கிடையாது. தாய் நாய் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. குட்டியின் பல்லும் நகமும் ஊசி முனை மாதிரி இருக்கும், விளையாட்டாகவே கீறிவிடும். "குட்டிதானே" என்று யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. குட்டிக்கும் வெறிநோய் வரும்.

தெருநாயைத் தொட வேண்டாம் என்று சின்ன வகுப்புகளுக்கு ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். தெரிந்தவர் வீட்டு நாய் என்றால் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அவர் சரி என்றால் அடுத்து நாயிடம் கேட்க வேண்டும். எப்படி? பக்கவாட்டில் திரும்பி நின்று, கையை மூடித் தாழ்வாக வைத்துக்கொள்வது. நாய் தானாக வந்து மோந்து பார்த்தால் தோளிலோ பக்கவாட்டிலோ மெல்லத் தடவலாம். வரவில்லையா, அதற்கு விருப்பமில்லை, விட்டுவிட வேண்டும். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோவது, கட்டிப்பிடிப்பது, முகத்தோடு முகம் வைப்பது இவை மூன்றும் கூடவே கூடாது. சின்னப் பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருக்கிறது, அதனால்தான் அவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் கடி விழுகிறது.

மரமும் மூட்டையும்

இது மைதானத்துப் பாடம். பல நாடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் முறைதான், நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களில் சொன்னால் ஒட்டிக்கொள்கிறது.

நாய் துரத்தி வந்தால் மரமாக வேண்டும். ஓட்டத்தை நிறுத்து. கால் இரண்டும் வேர். கை இரண்டையும் உடம்போடு ஒட்டிக் கீழே தொங்கவிடு. கண் உன் கால் கட்டைவிரலைப் பார்க்கட்டும், நாயின் கண்ணைப் பார்க்காதே. கத்தாதே. மனதுக்குள் எண்ணு. நாய் வந்து மோக்கும், சுற்றும், சலித்துப் போய்விடும். அது விலகிய பிறகு மெல்லப் பின்னால் நடந்து வா. ஓடினால் துரத்துவது நாயின் சுபாவம். நம்மால் நாயை ஓட்டத்தில் ஜெயிக்க முடியாது என்பதைப் பிள்ளைகள் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

கீழே விழுந்துவிட்டால் மூட்டை. முழங்காலை மடித்து, நெற்றியை முழங்காலில் சேர்த்துச் சுருண்டுகொள்ள வேண்டும். விரல்களைக் கோத்துப் பிடரியில் வைத்து, முன்கைகளால் காதை மூட வேண்டும். வயிறு, முகம், கழுத்து மூன்றும் உள்ளே போய்விடும்.

சொல்லிவிட்டு விட்டால் பயன் இல்லை. பொம்மையைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்களே நாயாக ஓடி வாருங்கள். முதல் தடவை முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். ஐந்தாவது தடவைதான் நிற்பார்கள். பத்துத் தடவையாவது செய்யுங்கள், உடம்பு பழக வேண்டும். பயப்படும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு நண்பன் பக்கத்தில் நிற்கட்டும்.

இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கூட்டமாக வரும் நாய்களிடமும் வெறிபிடித்த நாயிடமும் மரமாக நின்றால் கடியே விழாது என்று உறுதி கொடுக்க முடியாது. அப்போது புத்தகப் பையைக் கழற்றி நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். பையைக் கவ்வினால் பையை விட்டுவிட வேண்டும், இழுக்கக் கூடாது. சைக்கிளில் வந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடக்கலாம். மாலையில் டியூஷன் முடிந்து வருகிறவர்கள் சேர்ந்து வரட்டும்.

"டீச்சர், கல்ல எடுத்தா ஓடிரும்ல?" என்று ஒரு பையனாவது கேட்பான். அவன் சொல்வது பாதி உண்மை, குனிந்தாலே பல தெருநாய்கள் விலகிவிடும். ஆனாலும் நான் இதைச் சொல்லித்தருவதில்லை. இன்று கல்லடி வாங்கிய நாய் நாளைக்கு அதே சீருடையில் வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்துப் பாயலாம். அவனிடமே இதைச் சொல்லி, "உன் தங்கச்சி அந்த வழியாத்தானே வருவா?" என்று கேளுங்கள். யோசிப்பான்.

கடித்துவிட்டால்

இங்கேதான் வகுப்பின் முழு எடையும். பொம்மையின் காலில் சிவப்புப் பேனாவால் ஒரு கடி வரைந்து, குழாயடிக்கு எடுத்துப் போங்கள். ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். எச்சிலில் இருக்கும் கிருமி நரம்புக்குள் நுழைவதற்கு முன்பே அதில் பெரும்பகுதியை இந்தக் கழுவலே அடித்துக்கொண்டு போய்விடும். 15 நிமிடம் என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. 45 நிமிட பீரியடில் மூன்றில் ஒரு பங்கு. ஒருவன் கழுவட்டும், மற்றவர்கள் சுற்றி நின்று வாய்ப்பாடு சொல்லட்டும். இரண்டாவது நிமிடத்திலேயே "போதுமா டீச்சர்?" என்பார்கள். "இல்ல, இன்னும்." ஐந்தாவது நிமிடத்தில் ஆள் மாறுவார்கள், சோப்பு நுரை கால் முழுக்க வழியும். தண்ணீர் வீணாகிறதே என்று ஒரு பொறுப்பான பெண் வாளி கொண்டுவந்து வைப்பாள். முழுப் பதினைந்து நிமிடமும் செய்து முடியுங்கள். அந்த அலுப்புதான் அவர்களுக்கு நினைவிருக்கும்.

மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எண்ணெய் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. மந்திரிப்பது, பச்சிலை கட்டுவது பற்றிப் பிள்ளைகளே கேட்பார்கள். பாட்டியைக் குறை சொல்லாமல், "பாட்டி கட்டச் சொன்னாலும் முதல்ல கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்று சொல்லிக்கொடுங்கள்.

பிள்ளைகளின் பெரிய பயம் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி. அந்தக் கதை இன்னும் எல்லா வீட்டிலும் உலவுகிறது. கதை பொய்யல்ல. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசியை வயிற்றில்தான் பல நாள் தொடர்ந்து போட்டார்கள். அதைக் கைவிட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அரசு மருத்துவமனைகளில் கையில், தோலுக்குள் மெல்லிய ஊசியாக, நான்கு நாட்கள் போடுகிறார்கள்: 0, 3, 7, 28. காசு கிடையாது. இந்தப் பூஜ்ஜியம் பெற்றோரைக் குழப்பும். முதல் ஊசி போடும் நாளே பூஜ்ஜியம். திங்கட்கிழமை முதல் ஊசி என்றால் அடுத்தது வியாழன், அதற்கடுத்தது மறு திங்கள், கடைசி ஊசி முதல் நாளிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். நடுவில் நிறுத்திவிடக் கூடாது. சட்டைக் கையைச் சுருட்டி, எந்த இடத்தில் போடுவார்கள் என்று உங்கள் கையில் தொட்டுக் காட்டுங்கள்.

காயம் ஆழமாக இருந்தாலோ, ரத்தம் வந்தாலோ, அதற்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும். இது பெற்றோருக்கான செய்தி, துண்டுத்தாளில் எழுதுங்கள். ரத்தம் வராத நகக் கீறலுக்கும் ஊசி வேண்டும். ஏற்கெனவே புண் இருக்கும் இடத்தில் நாய் நக்கினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூனை, குரங்கு கடித்தாலும் இதே வழிதான். "நம்ம வீட்டு நாய், ஊசி போட்டிருக்கு" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது, மருத்துவரிடம் காட்டி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது உண்டு. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

இதையெல்லாம் சொன்ன பிறகு நாடகம். ஒரு பிள்ளை அம்மா, ஒரு பிள்ளை கடிபட்ட குழந்தை. "அம்மா, நாய் கடிச்சிருச்சு." அம்மாவாக நடிக்கும் பிள்ளை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் கையை ஓங்கிக்கொண்டு, "உன்ன யாரு அங்க போகச் சொன்னது?" என்றுதான் வரும். அந்த வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்பது உங்களுக்கும் ஆசிரியருக்கும் அப்போதே தெரிந்துவிடும். அதே நாடகத்தை மறுபடி போடச் சொல்லுங்கள், இந்தத் தடவை அம்மா திட்டாமல் குழாயைத் திறக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வரும் நாளில் உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால், வேறு எதையும் பேசாமல் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நாய் கடித்தது என்று பிள்ளை வந்து சொன்னால் அடிக்காதீர்கள்.

நாய் வளர்க்கிற வீடுகள்

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் அடுத்தது, அதற்குப் பின் வருடத்துக்கு ஒன்று. அரசுக் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும். இன்னும் சின்னவர்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம். காலையும் மாலையும் கழுவி நிரப்ப வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் கட்டிப்போட்ட நாயின் நிழல் நகர்ந்துவிடும், நாயால் நகர முடியாது. அதைப் போய்ப் பார்ப்பதும் பிள்ளையின் வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை வேகவைத்த கோழி எலும்பைப் போடாதே என்று சொல்லுங்கள், அது கூராக உடைந்து குடலைக் குத்தும். சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகாது. வெளியே கூட்டிப் போகும்போது கயிற்றை ஒரு பெரியவர் பிடிக்க வேண்டும், கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுப்பதும் கட்டாயம்.

எனக்கு மனம் கனக்கும் பகுதி பெட்டைக் குட்டிகளைப் பற்றியது. ஆண் குட்டியை வைத்துக்கொண்டு, பெட்டைகளைச் சாக்கில் போட்டுச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. பிழைத்தவை தெருநாய்களாகின்றன, ஒன்பது வாரச் சினைக்குப் பிறகு அவையும் ஐந்தாறு குட்டி போடுகின்றன. அந்தக் குட்டிகள்தான் அடுத்த ஆண்டு பள்ளி வாசலில் நிற்கின்றன. இதைப் பிள்ளைகளிடம் குற்றம் சாட்டாமல், பலகையில் ஒரு மரம் மாதிரி வரைந்து எண்ணிக் காட்டுங்கள். கருத்தடை செய்தால் நாய் சோம்பலாகிவிடும், காவல் காக்காது என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மையல்ல, கருத்தடை செய்த நாயும் காவல் காக்கும்.

நாய் வாங்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் நாட்டு இனங்களைப் பற்றியும் பேசுங்கள். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த நாய்கள், ஓட இடம் வேண்டும். சைபீரியக் குளிருக்குப் பழகிய ஹஸ்கியை நம் வெயிலில் ஓர் அறைக்குள் அடைத்து வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. தெருவில் பிறந்த குட்டிக்கு ஊசி போட்டு வளர்ப்பது எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது.

ஆறு முதல் எட்டு வரை

பெரிய பிள்ளைகள் நேரடியாகவே கேட்பார்கள்: "இந்த நாய்களை எல்லாம் ஏன் பிடிச்சிட்டுப் போகல?" உங்கள் சொந்தக் கருத்தைச் சொல்லாமல், சட்டம் என்ன என்று சொல்லுங்கள். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காதில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு அறுவை ஆகிவிட்டது என்று அடையாளம். ஆனால் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்குள் திரியும் தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களுக்குக் கொண்டுபோக வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. அதன் பிறகு ஒரு வேலை கொடுங்கள்: தங்கள் தெருவின் படம் வரைந்து, நாய் எங்கே கூடுகிறது, குப்பை எங்கே கொட்டப்படுகிறது, எந்த நாய்க்குக் காதில் வெட்டு இருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்துக் குறித்து வரட்டும். படங்களை ஒன்றாக ஒட்டினால் ஊராட்சித் தலைவரிடம் கொடுக்கத் தகுந்த ஆவணம் ஒன்று கிடைத்துவிடும். இறைச்சிக் கடைக் கழிவும் நாய்க் கூட்டமும் ஒரே இடத்தில் இருப்பதை நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது.

நேரம் மிஞ்சினால் ஜோசப் மைஸ்டர் கதையைச் சொல்லுங்கள். 1885 ஜூலை 6, பாரிஸ். வெறிநாய் பல இடங்களில் கடித்த ஒன்பது வயதுப் பையனை அவன் அம்மா லூயி பாஸ்டரிடம் கூட்டி வந்தார். பாஸ்டர் மருத்துவரே அல்ல, விஞ்ஞானி. மருத்துவர் ஒருவரைக் கொண்டு தன் தடுப்பூசியைப் போடவைத்தார். பையன் பிழைத்தான். நம் குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டர் நிறுவனம் அவர் பெயரில்தான் இருக்கிறது. "அந்தப் பையன் அம்மாகிட்ட சொல்லாம இருந்திருந்தா?" என்று ஒரு பிள்ளை கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

மணி அடித்த பிறகு

ஒரு மாதம் கழித்து மறுபடி போய், மைதானத்தில் திடீரென்று "நாய்!" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் மரமாகிறார்கள், எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று எண்ணி, ஓடியவர்களோடு மறுபடி பயிற்சி செய்யுங்கள்.

முதல் நாளிலேயே செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பொம்மையைத் துடைப்பது மாதிரி, பையை அடுக்குவது மாதிரிப் பத்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாத பிள்ளை அப்போதுதான் வரும். வந்தால் திட்டாதீர்கள், "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்காதீர்கள். காயம் பழையதாக இருந்தாலும் அங்கேயே சோப்புப் போட்டுக் கழுவவைத்து, தலைமை ஆசிரியரிடம் சொல்லி, பெற்றோரை வரவழைத்து, அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நாளாகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது, எத்தனை நாள் கழித்தும் ஊசியைத் தொடங்கலாம், தொடங்க வேண்டும்.

ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி கதவோரம் ஒட்டி நின்றாள். எல்லோரும் போன பிறகு பாவாடை விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே இரண்டு விரற்கடை தூக்கிக் காட்டினாள். பொருக்குத் தட்டிய மெல்லிய கோடு ஒன்று, நான்கு நாளாகிறது. வீட்டில் ஒளித்து வளர்க்கும் குட்டி கீறியதாம். சொன்னால் அப்பா குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று சொல்லவில்லை. குழாயடியில் உட்கார்ந்து அவளே கழுவினாள், வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே. அவள் அம்மா வயலிலிருந்து வந்தார். அன்று மாலையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையில் முதல் ஊசி போட்டார்கள். அடுத்த வாரம் நான் போனபோது அட்டையை எடுத்து வந்து, இன்னும் ஒரே ஒரு தேதி மிச்சம் இருக்கிறது என்று படித்துக் காட்டினாள். குட்டிக்கும் மூன்று மாதம் ஆனதும் ஊசி போட வேண்டும், அதற்கு எந்தக் கிழமை மருந்தகத்துக்குப் போகலாம் என்று கேட்டாள்.